நல்லெண்ண அடிப்படையில் ஓர் இஞ்சின்

அவரைப் பல்லுக்காரர் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். பல் வைத்தியர் அல்ல. வைத்தியர் கீழ்த்தளத்தில் இருந்தார். பல்லுக்காரர் மாடியில், ஒற்றை ஜன்னல் வைத்த அறையில் உட்கார்ந்து, வைத்தியர் எடுத்தனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்செட் கட்டிக் கொடுப்பவர். முப்பத்தோரு வருடமாக அதே நாற்காலி. மேசை முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள், மெழுகு, சின்னச் சின்ன அரங்கள். தெருவில் பார்த்தவரின் முகம் அவருக்கு மறந்துபோகும். கடைவாய்ப் பல்லின் சரிவு மறக்காது. ஒரு பல் மயிரிழை உயர்ந்து நின்றாலும் போட்டுக்கொண்டவர் நிம்மதியாக மெல்ல முடியாது என்பதால், மயிரிழையை அவர் ஒருநாளும் அலட்சியம் செய்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்படிப்பட்ட மனிதர் பிற்பாடு தன்னை ஏன் அவ்வளவு திட்டிக்கொண்டார் என்பது அப்போதுதான் விளங்கும்.

அவர் மனைவி நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய் ஓயாதவர். "ஊருக்கெல்லாம் சிரிப்பு செஞ்சு குடுக்கறீங்க, உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கக் கூடாதா" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். தன் முழங்கால் தேய்ந்து பஸ் படி ஏற முடியாமல் போனபோது கார் வாங்கலாம் என்று சொன்னதும் அவர்தான். வாங்கிய பிறகு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்வதும் அவர்தான். தெரிந்த வழிக்கும் வழி சொல்வார். பல்லுக்காரர் சொன்னபடி திரும்புவார். அதில் இருவருக்குமே ஒரு சந்தோஷம்.

கார் வாங்கிப் பதினாலாவது மாதம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பெட்ரோல் பங்கை ஒட்டி இடது பக்கம் திரும்பும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு இரண்டு தடவை மின்னி அணைந்தது.

"அது என்னங்க செவப்பா மின்னுது?" என்றார் மனைவி.

"ஒண்ணுமில்ல. திரும்பும்போது அப்படித்தான் மின்னும். ஞாயித்துக்கிழமை பாத்துக்கறேன்."

திரும்பும்போது அப்படித்தான் மின்னும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏதோ வாயில் வந்ததைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. காலை பத்து மணிக்கு, கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்த மனைவி, தாடை வலிக்கிறது என்றார். தாடை வலிக்கிறது என்று யாராவது பல்லுக்காரரிடம் சொன்னால் அவர் செய்வது ஒன்றுதான். வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, கடைவாய்ப் பல்லை விரலால் தட்டிப் பார்த்தார். வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம். பல்லில் ஒரு குறையும் இல்லை. நிமிர்ந்தபோதுதான் மனைவியின் நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை கொட்டுவதைப் பார்த்தார். இடது கை மரத்துப்போகிறது என்றார் மனைவி. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அது வந்து சேர்வதற்குள் நாமே போய்விடலாம், ஆஸ்பத்திரி பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று காரை எடுத்தார்.

கால்வாய்ப் பாலத்தின் ஏற்றத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை. அடியில் யாரோ சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம் கிளம்பி, நான்கைந்து நொடியில் நின்றது. அதோடு வண்டியும் நின்றது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் இறங்கி நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். ஒன்பதாவதோ பத்தாவதோ வந்த தண்ணீர் கேன் வேன் நின்றது. கேன்களை ஒதுக்கிவிட்டு மனைவியைக் கிடத்தினார்கள். வேனில் போகும்போது மனைவி ஒரே ஒரு தடவைதான் பேசினார். "காரைப் பூட்டினீங்களா?"

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த நாற்பதாவது நிமிடம் எல்லாம் முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம் முன்னாடின்னு எல்லாருக்குமே சொல்லலாம். சொல்லி என்ன ஆகப்போகுதுங்க?" என்றார்.

வந்த உறவினர்கள் கிளம்பிப் போனார்கள். வேறொரு ஊரில் குடியிருந்த ஒரே மகள் பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போனாள். மிஞ்சியது மனைவியின் தம்பி. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவர். விட்டுக்கொடுத்துப் பழக்கம் இல்லாதவர். அக்காமேல் உயிர். துக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தவருக்கு ஒரு வழி கிடைத்தது.

"அக்காவைக் கொன்னது அந்தக் கம்பெனிதான் அத்தான்," என்றார். "பதினாலு மாசத்துல இஞ்சின் செத்துப்போகுதுன்னா அது என்ன இஞ்சின்? வாரண்டி இருக்கில்ல, விடக் கூடாது. வேற இஞ்சின் வச்சுத் தரணும். தப்பு எங்களோடதுன்னு எழுத்துல தரணும்."

கம்பெனி அனுப்பிய படிவத்தை மச்சினனே நிரப்பினார். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக உரக்கப் படித்தார். கடைசியாகச் சர்வீஸ் செய்த தேதி. ஓடிய தூரம். நின்ற இடம். ஏழாவது கேள்விக்கு வந்தார். "பழுதுக்கு முன்பு எச்சரிக்கை விளக்கு ஏதேனும் எரிந்ததா? எரியலல்ல அத்தான்?"

பேனா காகிதத்தில் தயாராக நின்றது. பல்லுக்காரர் மச்சினனின் முன்பல் இரண்டையும் பார்த்தார். அக்காவுக்கு இருந்த அதே இடைவெளி.

"இல்ல," என்றார்.

அந்த நேரத்தில் அது பொய் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கம்பெனி தீர விசாரிக்கட்டும், இஞ்சினைப் பிரித்துப் பார்க்கட்டும், தப்பு எங்களுடையது என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும், அப்புறம் அந்த விளக்கு மின்னினால் என்ன, மின்னாவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டார். மச்சினனுக்கு அது வழக்கு. அவருக்கு அது தீர்ப்பு. இஞ்சினில் இருந்த குறையால்தான் நின்றது என்று ஒரு வரி வந்தால் போதும், ராத்திரி படுக்கலாம். எண்ணெய் பார்க்காமல் விட்டதால்தான் என்று வந்தால், அதையும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். ஏதாவது ஒன்று வரட்டும் என்று காத்திருந்தார்.

இரண்டரை மாதம் ஆனது. மச்சினன் எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு நிறையும் அளவுக்குச் சேர்ந்தன. கடைசியில் பதில் வந்தது. நாலே வரி. வாடிக்கையாளரின் நீண்டகாலத் திருப்தியைக் கருதி, பழுதின் காரணம் குறித்து எந்தப் பொறுப்பையும் ஏற்காமல், நல்லெண்ண அடிப்படையில் வாரண்டியின் கீழ் இஞ்சினை மாற்றித் தர நிறுவனம் முன்வருகிறது.

"ஜெயிச்சிட்டோம் அத்தான்," என்றார் மச்சினன். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பல்லுக்காரர் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். காரணம் என்ன என்று எங்கேயும் இல்லை. மனைவி இருந்திருந்தால், நல்லெண்ணெய் ஊற்றினால் கார் ஓடுமா என்று கேட்டிருப்பார். அந்த நினைப்பு வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. மச்சினன் கிளம்பிப் போயிருந்த வீட்டில் தனியாக வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்க ரொம்ப நேரம் ஆனது. நின்ற பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பழைய இஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் யோசித்துவிட்டு உள்ளே அனுப்பினாள். காரின் முன்பக்கம் மூடி திறந்து, உள்ளே வெறும் பள்ளமாக இருந்தது. வயர்களும் குழாய்களும் ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டிக் கட்டப்பட்டிருந்தன. பழைய இஞ்சின் தரையில் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. பக்கத்தில் மெக்கானிக் முழங்கையில் ஒட்டிய கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய பல்லுக்காரர் வயதுதான்.

"எதனால நின்னுச்சுன்னு தெரியுமாங்க?" என்று கேட்டார்.

"எண்ணெய் போகாம உள்ள இருக்கற பேரிங் கடிச்சுக்கிட்டு நின்னுருக்கு. அது தெரியுது," என்றார் மெக்கானிக். "ஏன் போகலன்னா, பம்புல கோளாறா, வேற எங்கயாவது அடைப்பா, எண்ணெயே குறைஞ்சிடுச்சா, அதெல்லாம் பூராவும் பிரிச்சாத்தான் சொல்ல முடியும். பிரிக்க வேணாம்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. அப்படியே பெட்டியில அடிச்சு அனுப்பிடணும்."

"அனுப்பினா அங்க பிரிச்சுப் பாப்பாங்களா?"

"உருக்கறதுக்குத்தான் போகும்."

பல்லுக்காரர் பெட்டியைப் பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ரெண்டு நாள் முன்னாடி எண்ணெய் வெளக்கு மின்னி அணைஞ்சிருந்தா?"

"மின்னும். பல வண்டியில முன்னாடியே மின்னிக் காட்டும். அப்பவே நிறுத்திப் பாத்திருந்தா நூத்துக்குத் தொண்ணூறு இஞ்சின் பொழைச்சுக்கும்," என்றார் மெக்கானிக், துணியைத் தோளில் போட்டுக்கொண்டே. "யாரு பாக்கறா? ஒண்ணுமில்லன்னு ஓட்டிக்கிட்டே போவாங்க."

அந்த மனிதருக்குப் பாலமும் தெரியாது, வேனும் தெரியாது. வெறும் இஞ்சினைப் பற்றிப் பேசினார். அதனாலேயே அவர் சொன்னதில் பொய் இருக்க வழியில்லை என்று பல்லுக்காரருக்குப் பட்டது. மூன்று மாதமாக ஒரு கம்பெனி சொல்லாததை இவர் ஒரு துணியை உதறும் நேரத்தில் சொல்லிவிட்டார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவருக்கு நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது. வரவேற்பு மேசைப் பெண் ஒரு தாளைக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். "முதல் ஆயிரம் கிலோமீட்டர் எண்பதைத் தாண்டாதீங்க சார். ஒரே வேகத்துலயும் ஓட்டாதீங்க, கூட்டிக் குறைச்சு ஓட்டணும். சட்டுனு மிதிக்கக் கூடாது. பாரம் ஏத்தக் கூடாது. அடிக்கடி எண்ணெய் பாருங்க. உள்ள இருக்கறதெல்லாம் புதுசு, ஒண்ணோட ஒண்ணு பழகணும். ஆயிரம் ஆனதும் கொண்டு வாங்க, எண்ணெய் மாத்தித் தரோம்."

ஒன்றோடு ஒன்று பழகுவது அவருக்குத் தெரிந்த விஷயம். புதுப் பல்செட் போட்டுக்கொண்டவர்களிடம் வைத்தியர் அதைத்தான் சொல்வார். முதலில் மெத்தென்று இருப்பதைச் சாப்பிடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கடியுங்கள், உறுத்தினால் வாருங்கள். ஆனால் இஞ்சின் பழக வேண்டுமென்றால் போவதற்கு ஓர் இடம் வேண்டும். இவருக்கோ வேலை செய்யும் இடம் நடந்தால் பத்து நிமிடம். காய்கறிக் கடை தெருமுனையில். ஆயிரம் கிலோமீட்டர் எங்கே போவது?

விற்றுவிடலாம் என்றால், மச்சினன் சம்மதிக்கவில்லை. "அக்காவுக்காகப் போராடி வாங்கினது அத்தான். நல்லா ஓட்டிப் பழக்குங்க," என்றார். போகிற இடமெல்லாம் அந்த வெற்றியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவர் முகத்தில் பழைய களை வந்தது. அதில் கை வைக்கப் பல்லுக்காரருக்குத் துணிவில்லை.

ஆகவே தினமும் காலை ஆறு மணிக்குக் காரை எடுத்தார். எடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து, எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். மேல்கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. மறுநாளும் அதே மயிரிழை. இருநூறு கிலோமீட்டர் ஆனபோதும் அங்கேயேதான் நின்றது. குறைந்திருந்தால் அவருக்கு ஒரு சின்ன ஆறுதலாவது கிடைத்திருக்கும். இந்தக் கம்பெனி இஞ்சின்களே எண்ணெய் குடிப்பவை என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். சொட்டுக்கூடக் குறையவில்லை. அருமையான இஞ்சின். சத்தமில்லை, நடுக்கமில்லை, சாவியைத் தொட்டதும் எழுந்துகொண்டது.

ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலையில் நாற்பதில் போவார், அறுபதுக்கு ஏற்றுவார், ஐம்பதுக்கு இறக்குவார். பின்னால் வரும் லாரிகள் விளக்கை அடித்து அடித்துக் காட்டி ஒதுங்கிப் போகும். ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, "பெரியவரே, தூக்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கால்வாய்ப் பாலத்தின் வழியாக மட்டும் அவர் போகவில்லை. அதற்காகவே நாலு கிலோமீட்டர் சுற்றினார். சுற்றினால் என்ன, ஓட வேண்டியது கிலோமீட்டர்தானே. பக்கத்து இருக்கையின் பெல்ட் மாட்டாமலே கிடந்தது. திருப்பங்களில் யாரும் வழி சொல்லவில்லை. இரண்டு தடவை தெரிந்த ஊரிலேயே வழி தவறினார்.

ஐந்நூற்றுச் சொச்சம் ஆனபோது மகளைப் பார்க்கக் கிளம்பினார். முந்நூற்றைம்பது கிலோமீட்டர். அவருடைய வேகத்துக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டு மகளுக்குப் போன் செய்தார். கீழே வந்தவள் பதறிப்போனாள்.

"தனியாவா ஓட்டிட்டு வந்தீங்க? சொல்லியிருந்தா ரயிலுக்கு டிக்கெட் போட்டிருப்பேனேப்பா."

"உள்ள உக்காரும்மா. மாப்பிள்ளைக்கு முன்னால சொல்ற விஷயமில்ல."

அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, கண்ணாடிக்கு வெளியே சுவரைப் பார்த்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை விளக்கு மின்னியது. அம்மா கேட்டாள். நான் ஒண்ணுமில்லை என்றேன். இதை எப்படிச் சொல்வது என்று ஒன்பது மணி நேரமும் யோசித்துக்கொண்டு வந்தது, சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மகளும் அதே சுவரைப் பார்த்தாள். பிறகு, "எனக்குத் தெரியும்ப்பா," என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்குச் சாயங்காலம் அம்மா போன்ல சொன்னா. காருல ஏதோ செவப்பா மின்னுது, உங்கப்பா ஒண்ணுமில்லங்கறாருன்னு. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்மான்னு நானும் சொன்னேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எனக்கும் அதுல பங்கு இருக்கு. அதை யார்கிட்ட சொல்ல? நீங்க சொல்லுவீங்க, நானும் சொல்லலாம்னு காத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் மாமா போன் பண்ணினார். வெளக்கு எரியவே இல்லன்னு அத்தான் எழுதிக் குடுத்துட்டாரு, கேஸ் ஸ்ட்ராங்குன்னார்."

"அவன் கேட்டான்... வாயில வந்துடுச்சும்மா."

"அம்மா வெளக்கப் பாத்தா, கேட்டா. அது நடக்கவே இல்லன்னு எழுதிட்டீங்களேப்பா."

இத்தனை நாளாக அவர் கண் முன்னால் நின்றது விளக்குதான். அந்த 'இல்லை'யில் மனைவி கேட்ட கேள்வியையும் சேர்த்தே அழித்திருக்கிறோம் என்பது அவருக்கு அந்த நொடி வரை உறைக்கவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்லலாம் என்று நினைத்தார். மனைவியிடம் கேட்க வேண்டியதை இவளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

அன்று அங்கேதான் தங்கினார். மருமகன் மரியாதையாகப் பேசினார். மகள் தட்டு வைத்தாள், பாய் போட்டாள், காலையில் கீழே வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். "மெதுவாப் போங்க," என்றாள். அவர் தூண்களைத் தாண்டி வெளியே வருவதற்குள் அவள் லிஃப்டுக்குள் போய்விட்டாள்.

ஊர் திரும்பும்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மறுநாளே ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். வண்டியைத் தூக்கி நிறுத்தி எண்ணெயை வடித்தார்கள். தட்டில் விழுந்த எண்ணெயில் மினுமினுவென்று ஏதோ மிதந்தது. அதே மெக்கானிக், "பயப்படாதீங்க, புது இஞ்சின்னா முதல் தடவை இப்படித்தான். பழகும்போது தேயறது. நல்லாப் பழக்கியிருக்கீங்க," என்றார்.

பல்லுக்காரர் வரவேற்பு மேசைக்குப் போனார். "படிவத்துல ஏழாவது கேள்விக்கு எழுதினது தப்பும்மா. வெளக்கு எரிஞ்சது. ரெண்டு நாள் முன்னாடி. அதைத் திருத்தணும்."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "சார், இஞ்சின் மாத்தியாச்சு. ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சு. இனிமே அதுல ஒண்ணும் எழுத முடியாது. எதுக்கு சார் இப்ப? உங்களுக்கு நல்லதுதானே நடந்திருக்கு."

"இஞ்சினைத் திருப்பி எடுத்துக்குங்கன்னு சொல்லல. எழுதி வச்சா போதும்."

"எழுதறதுக்கு எடமே இல்ல சார்," என்று திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். உண்மைதான். எல்லாக் கட்டங்களும் சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தன.

அங்கிருந்து நேராக மச்சினன் வீட்டுக்குப் போனார். சொல்லிவிடுவது என்று தீர்மானம். மச்சினன் வாசலுக்கே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். மூடியைத் திறக்கச் சொல்லி, புது இஞ்சினின் பிளாஸ்டிக் உறைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடே தெரியல பாருங்க," என்றார். "அக்கா உக்காந்து போக வேண்டியது." அந்தக் கையை உடனே எடுக்கவில்லை. பல்லுக்காரர் டீ குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார், கிளம்பிவிட்டார்.

மகளிடமிருந்து நாற்பது நாள் போன் இல்லை. அவரும் செய்யவில்லை. மாடி அறையில் வேலை முன்பு போலவே நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, யாரோ ஒருவரின் கீழ்த்தாடைக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் மகள்.

"இனிமேத்தான்."

"மணி மூணாகுதே," என்றாள். "வண்டி எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுதும்மா. ஒரு குறையும் இல்ல."

"சரிப்பா," என்றாள்.

இருவரும் போனை வைக்காமல் இருந்தார்கள். அந்தப் பக்கம் குக்கர் கூவுவது கேட்டது. அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவருடைய விரல் இடுக்கில் மெழுகு இறுகிப்போயிருந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.